மாட்சு அம்மனுக்கு ஜன்னலோர இருக்கை

என் வீட்டுக்காரர் குவோ ஜின்தூவுக்குப் பேச்சு வராது, நேரம் வரும். இருபத்திரண்டு வருஷம் தாவ்யுவானுக்கும் சுங்லிக்கும் நடுவே டவுன் பஸ் ஓட்டியவர். நிறுத்தத்துக்கு ஒரு நிமிஷம் முன்னால் போவதும் தப்பு, ஒரு நிமிஷம் பின்னால் போவதும் தப்பு என்பதுதான் அவர் படித்த வேதம். ஓய்வு பெற்ற மறு மாதமே ஒன்பது பேர் உட்காரும் வேன் ஒன்றை வாங்கி, விமான நிலையத்தில் இறங்குகிற சுற்றுலாக்காரர்களை ஏற்றிப் போய் மலையிலும் ஏரியிலும் விடுகிற வேலையைப் பிடித்துக்கொண்டார். வெள்ளைக் கையுறை, தேநீர்க் குடுவை, துடைத்துத் துடைத்தே தேய்ந்துபோன கண்ணாடி. பயணிகளிடம் 'வாங்க', 'பெல்ட் போடுங்க', 'வந்தாச்சு' என்ற மூன்றைத் தவிர நாலாவது பேச்சு கிடையாது.

பேச்செல்லாம் என் இலாகா. சாப்பாட்டு மேசையில் இரண்டு போனை வைத்துக்கொண்டு முன்பதிவு எடுப்பவள் நான். விமான எண் என்ன, எத்தனை பேர், எத்தனை பெட்டி, குழந்தை இருந்தால் தனி இருக்கை வேண்டுமா, எந்த ஹோட்டல் வாசலில் இறக்க வேண்டும். ஒன்று விடாமல் கேட்பேன். எங்கள் வீட்டில் வாய் என்னுடையது, வண்டி அவருடையது. இரண்டும் சேர்ந்து ஓடித்தான் அடுப்பு எரிகிறது.

போன அக்டோபரில் பினாங்கிலிருந்து ஒரு போன் வந்தது.

"வணக்கங்க, நான் ஓங் பேசறேன். இங்க மாட்சு அம்மன் கோயில் தலைவர். ஏர்போர்ட்லேர்ந்து சூரியசந்திர ஏரிக்கு ஒரு வண்டி வேணும்."

"எத்தனை பேருங்கய்யா?"

"மூணு பேர். நான், எங்க செயலாளர் கோர் அம்மா, அப்புறம் அம்மன்."

கடல் காக்கும் எங்கள் மாட்சு அம்மனின் சிலைக்கு விமானத்தில் டிக்கெட் வாங்கி உட்கார வைத்துக் கூட்டிவருவது எங்களுக்குப் புதிதில்லை. கடல் தாண்டிப் போன மாட்சு அம்மன்கள் பலருக்கும் தாய்வீடு, அதாவது மூலக் கோயில், எங்கள் தீவில்தானே இருக்கிறது. அதனால் நான் அடுத்த கேள்விக்குப் போனேன்.

"அம்மனுக்கு ஜன்னலோரமா, நடு சீட்டா?"

"ஜன்னலோரம்தான். தொண்ணூறு வருஷமா ஒரே கருவறையில உக்காந்திருக்கா, கொஞ்சம் வேடிக்கை பாக்கட்டும். தாய்வீட்டுக்கு மறுநாள்தான் போறோம். மொதல்ல ஏரியப் பாக்கணும்னு அவளே சொல்லிட்டாம்மா. கட்டை போட்டுக் கேட்டோம், மூணு தடவையும் சரின்னுட்டா. அவளும் லீவே எடுத்ததில்ல பாருங்க."

"என்னிக்கு வரீங்க?"

"பத்தொம்போதாம் தேதி."

என் கண் தானாகச் சுவர்க் காலண்டருக்குப் போனது. பத்தொன்பதைச் சுற்றி நானே சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்தேன். அன்று என் பேரன் லேலேவுக்கு முதல் பிறந்தநாள். அவன் இருப்பது பூலியில். பூலியிலிருந்து ஏரி அரை மணி தூரம். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்துக்கொண்டு, கேட்காமலே வாடகையில் ஐந்நூறு டாலர் குறைத்துச் சொல்லிவிட்டேன்.

இங்கே எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஒரே மகள் பெய்ஷுவன் அரசாங்கப் பரீட்சை எழுதித் தேறி, நகராட்சி அலுவலகத்தில் மேசை நாற்காலியோடு உட்கார்ந்தவள். அன்று இவர் பஸ்ஸில் ஏறின அத்தனை பேருக்கும் மிட்டாய் கொடுத்தார். ஒரே வருஷத்தில் அவள் அந்த வேலையை விட்டுவிட்டு, பூலியில் நீர்மூங்கில் பயிர் செய்கிற பையனைக் கட்டிக்கொண்டு, அங்கே ஒரு காலைச் சிற்றுண்டிக் கடை போடப் போகிறேன் என்றாள். "முட்டை தோசை புரட்டறதுக்கா நான் இருவத்திரண்டு வருஷம் புகை குடிச்சேன்?" என்று கேட்டார் இவர். அவளும் அப்பாவுக்குப் பிறந்தவள்தானே, "பஸ் ஓட்டினா உசத்தி, தோசை புரட்டினா மட்டமா?" என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அந்தக் கடை வாசல மிதிச்சா எம் பேரு குவோ ஜின்தூ இல்ல" என்று சொல்லிவிட்டார். கல்யாணத்தன்று இரண்டு முன்பதிவு வாங்கிக்கொண்டு வண்டி ஓட்டப் போனார். மூன்று வருஷம் ஆகிவிட்டது. நான் மட்டும் மாதம் ஒருமுறை பஸ் பிடித்துப் போய்ப் பேரனைக் கொஞ்சிவிட்டு வருவேன். எங்கே போனாய் என்று கேட்க மாட்டார். கேட்டால் பதில் சொல்லிவிடுவேனோ என்ற பயம்.

இன்னொன்றும் உண்டு. தாவ்யுவானிலிருந்து ஏரிக்குப் பூலி வழிதான் சுருக்கு. இந்த மனுஷன் மட்டும் தெற்கே சுற்றிக்கொண்டு ஷுய்லி வழியாகத்தான் போவார். இருபத்தைந்து நிமிஷம் கூடுதல். நிமிஷத்துக்கு உயிரை விடுகிறவர் இருபத்தைந்து நிமிஷத்தைத் தெருவில் கொட்டுவாரா என்று கேட்டால், "அந்த வழியில சுரங்கம் ஜாஸ்தி. எனக்குக் காது அடைக்குது" என்பார். அவர் பிடித்த முயலுக்கு மூன்று கால். மகள் ஊர் மண்கூட டயரில் ஒட்டக் கூடாது என்ற வீம்புதான் இது என்று எனக்குத் தெரியாதா. பிறந்தநாளன்றாவது இவரை அந்தக் கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட வேண்டும். நிறுத்திவிட்டால் குழந்தையின் முகம் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

"அம்மன் வர்றாங்க. பக்கத்துல பொம்பள ஒருத்தி இருக்கணும்னு கேக்கறாங்க. நானும் வரேன்" என்று ஒரு பொய்யைச் சொன்னேன். உம் என்றார்.

பத்தொன்பதாம் தேதி காலை, வருகை வாசலில் முதலில் வந்தது அம்மன்தான். ஒரு முழ உயரம், புகையில் கறுத்த முகம், தங்கச்சரிகை போட்ட சிவப்பு அங்கி. ஓங் ஐயா கைக்குழந்தையைப் போல அணைத்துத் தூக்கி வந்தார். எழுபது வயசு, குள்ளம், குரல் மட்டும் ஆறடி. பின்னால் கோர் அம்மா, ஒல்லியாக, பை பையாகப் பழங்களோடு. வேனில் நடுவரிசை ஜன்னலோரம் பட்டுத் துணி விரித்து அம்மனை உட்கார வைத்தார்கள். இவர் திரும்பிப் பார்த்தார்.

"பெல்ட் போடுங்க."

"போட்டாச்சு தம்பி" என்றார் ஓங் ஐயா.

"அம்மனுக்கு."

கோர் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஓங் ஐயா பயபக்தியோடு அம்மனுக்கு பெல்ட் மாட்டினார். அடுத்து ஊதுவத்தி ஏற்றப் போனார்கள், வண்டிக்குள் நெருப்பு கூடாது என்றுவிட்டார். புகை இல்லாமல் அம்மன் வரமாட்டாள் என்றார் ஓங். கடைசியில் ஏற்றாத ஊதுவத்தி மூன்றை அம்மன் மடியில் வைப்பது என்று முடிவாகி, பத்தே காலுக்கு வண்டி கிளம்பியது.

"ஷுய்லி வழியா போறோம். ரெண்டே முக்காலுக்கு ஏரி" என்று இவர் அறிவித்தார்.

நான் காத்திருந்தது இதற்குத்தான். பின்னால் திரும்பி, "பூலி வழி சுருக்குங்கய்யா. எதுக்கும் அம்மன ஒரு வார்த்த கேட்டுக்குங்களேன்" என்றேன்.

"கேக்காமலா? எங்க ஊர்வலத்துல எந்தத் தெருல திரும்பணும்னு அவதான் சொல்லுவா" என்றார் ஓங் ஐயா. "போன வருஷம் ஒரு சந்துக்குள்ள புகுந்து, ஒருத்தன் வீட்டுக் கோழிக்கூண்டு முன்னாடி முக்கா மணி நேரம் நின்னா. நாங்க என்ன பண்றது, நின்னோம்."

"புக்கிங்ல வழி எழுதியிருக்கு" என்றார் இவர், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே.

"எழுதினது யாரு? நான்தான. மாத்தி எழுதிக்கறேன்" என்றேன்.

வழி பிரிவதற்கு முன்னால் சிங்ஷுய் ஓய்விடத்தில் வண்டியை நிறுத்தினோம். கார் நிறுத்துமிடத்து ஓரமாக, புல்வெளியில் அம்மனை ஒரு மேசைமேல் வைத்து முகத்தைக் கடல் பக்கம் திருப்பினார்கள். மூன்று பழம், ஒரு டப்பா அன்னாசிக் கேக். ஓங் ஐயா பிறைபோல வளைந்த இரண்டு மரக்கட்டைகளை எடுத்து நெற்றிக்கு நேரே தூக்கினார். ஒன்று தட்டையாகவும் ஒன்று குப்புறவும் விழுந்தால் சரி என்று அர்த்தம். இரண்டும் குப்புற விழுந்தால் வேண்டாம். இரண்டும் தட்டை முகம் காட்டி மல்லாந்தால் அம்மன் சிரிக்கிறாள்.

"தாயே, பூலி வழியா போலாமா?"

கட்டைகள் விழுந்தன. இரண்டும் குப்புற.

"காத்து அடிச்சிருச்சுங்கய்யா. இன்னொரு தரம் போடுங்க" என்றேன்.

இரண்டும் குப்புற. மூன்றாம் தரமும் அதேதான். ஷுய்லி வழியா போகலாமா என்று கேட்டதும் ஒன்று தட்டை, ஒன்று குப்புற. வரிசையாக மூன்று தடவை. ஓங் ஐயாவுக்குப் புல்லரித்தது. "எவ்ளோ தெளிவா சொல்றா பாருங்க" என்றார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. கடலில் தத்தளிக்கிறவனையெல்லாம் ஆயிரம் வருஷமாகக் கரைசேர்க்கிறவளாம். ஒரு தாய் ஒரு நாளைக்கு ஒரு ரோடு கேட்கிறேன், அது முடியவில்லை. அன்னாசிக் கேக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். இவர் ஜெயித்த முகத்தோடு வண்டிக்குப் போவார் என்று திரும்பினால், மனுஷன் அங்கேயே நிற்கிறார். கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ஐயா, அந்தக் கட்டைய ஒரு நிமிஷம் குடுக்கறீங்களா?"

வழியும் நேரமும் விதியும் சொல்வதைத் தள்ளிவிட்டால், பயணிகளிடம் இவர் பேசிய நாலாவது வாக்கியம் அதுதான். அம்மன் முன்னால் நின்று, உதடு மட்டும் அசைய என்னவோ கேட்டார். போட்டார். இரண்டும் மல்லாந்து விழுந்தன. காது சிவக்க, குனிந்து எடுத்து மறுபடி கேட்டுப் போட்டார். மறுபடியும் இரண்டும் மல்லாந்தன.

"சிரிக்கிறா தம்பி. உங்களப் பாத்துத்தான் சிரிக்கிறா" என்றார் ஓங் ஐயா.

"என்னத்தக் கேட்டீங்க?" என்றேன் நான்.

"பன்னெண்டு நாப்பது ஆச்சு. ஏறுங்க" என்றார்.

வழியெல்லாம் நான் வாயைத் திறக்கவில்லை. அது அவருக்கு இடைஞ்சலாக இருந்திருக்க வேண்டும், இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். கோர் அம்மா பாக்குத் தோப்பையும் வாழைத் தோட்டத்தையும் அம்மனுக்குக் காட்டிக் காட்டிப் பேசிக்கொண்டே வந்தாள். "எல்லாம் நம்ம ஊர் மாதிரியே இருக்கு பாரு தாயே. இதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்." சொன்னபடி ரெண்டே முக்காலுக்கு ஏரிக்கரை ஹோட்டல் வாசலில் 'வந்தாச்சு' என்றார். தண்ணீர் பச்சையும் நீலமுமாக மினுங்கிக்கொண்டு கிடந்தது. அம்மனைத் தூக்கிக்கொண்டு அவர்கள் படித்துறைக்கு இறங்கினார்கள். எனக்கிருந்த கோபத்திலும், அவள் முகம் தண்ணீரைப் பார்த்தபடி இருந்தது அழகாகத்தான் இருந்தது.

வண்டி காலியானது. முன் இருக்கைக்கு மாறி உட்கார்ந்தேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. முன்பதிவு போகிற வழிக்குத்தான். கட்டை போட்டதும் போகிற வழிக்குத்தான். திரும்பி வருகிற வழியை யாரும் யாரிடமும் கேட்கவில்லை.

"இந்தாங்க, திரும்பறப்ப பூலி வழியா போறோம். இன்னிக்கு லேலேக்கு ஒரு வயசு. நீங்க வண்டியிலயே உக்காந்திருங்க, நான் இறங்கிப் பாத்துட்டு வந்துடறேன். முடியாதுன்னா இங்கயே இறக்கி விடுங்க, பஸ்ல போயிக்கறேன்." இன்னும் பத்து வாக்கியம் அடுக்கி வைத்திருந்தேன்.

"சரி" என்றார்.

அடுக்கின பத்தையும் அப்படியே விட்டுவிட்டு பெல்ட்டைப் போட்டேன்.

பூலி ஊருக்குள் வந்ததும், கோயிலுக்கு முன்னால் இடதுபக்கம் திரும்பச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் விளக்குப் போட்டுத் திரும்பிவிட்டார். அரிசி நூடுல்ஸ் காயப்போடுகிற முற்றம், அதைத் தாண்டிச் சின்னப் பாலம், அடுத்து வலது. ஒன்றுக்கும் வேகம் குறையவில்லை. முன்பின் வந்திராத ஊரில் ஒரு மனுஷன் இப்படி ஓட்டுவானா என்று நான் யோசித்து முடிப்பதற்குள், மகள் கடைக்கு எதிர்ச்சாரியில் வெற்றிலைப்பாக்குக் கடை ஓரமாக, மரநிழலில் அளவெடுத்த மாதிரி வண்டியை நிறுத்திவிட்டார். பாக்குக் கடைக்காரி ஆகுய், முப்பது வயசிருக்கும், ஒரு தண்ணீர் பாட்டிலோடு வந்து அவர் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"அட, இன்னிக்கு அக்காவையும் கூட்டிட்டு வந்துட்டீங்களாண்ணே? இருங்க, இன்னொரு பாட்டில் எடுத்துட்டு வரேன்."

"எப்பவும் வருவாரா?" என்றேன்.

"மாசத்துல நாலு தரம், அஞ்சு தரம். ஏரிக்கு ஆள விட்டுட்டு வருவாரு. ஒரு பாட்டில் வாங்குவாரு, குடிக்க மாட்டாரு. வாட்சப் பாத்து பத்து நிமிஷம் நிப்பாரு, போயிடுவாரு. நாங்க பேசிக்குவோம், சம்பந்தி வீட்ல ஏதோ மனஸ்தாபம் போலன்னு."

ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கிறது, வீட்டுக்குத் தெரியவில்லை. நான் இவர் பக்கம் திரும்பினேன். ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "கஸ்டமர் இருக்கறப்ப இந்த வழியா வந்தா நிறுத்த முடியாது. நிறுத்த முடியாம கடந்து போறது கஷ்டமா இருக்கு. அதான் போறப்ப அந்தப் பக்கமா போறது."

திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் எதிரே கடையின் பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே குனிந்து பெய்ஷுவன் வெளியே வந்தாள். கடை மதியமே மூடியாகிவிட்டது. இடுப்பில் லேலே, தலையில் புலிக்காது வைத்த சிவப்புத் தொப்பி. ஒரு பிளாஸ்டிக் முக்காலியைத் தெருவைப் பார்க்கப் போட்டு, குழந்தையை மடியில் நிற்க வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வண்டியின் கறுப்புக் கண்ணாடிக்குள் நான் இருப்பது அவளுக்குத் தெரியாது.

"அவனுக்கு வெளிக்காத்து ரொம்பப் புடிக்கும்" என்றார் இவர் மெதுவாக. பேரனைப் பற்றி எனக்கே சொல்லித் தருகிறார். "நான் எத்தன மணிக்கு வந்தாலும் வெளியிலதான் இருப்பான். காலைல பதினோரு மணிக்கு வந்தாலும் சரி, சாயங்காலம் ஆறுக்கு வந்தாலும் சரி."

ஆகுய் இரண்டாவது பாட்டிலை நீட்டிக்கொண்டே சிரித்துவிட்டாள்.

"என்னண்ணே நீங்க. இந்த வண்டி வந்து நின்னாத்தான் அது குழந்தையத் தூக்கிட்டு வெளிய வரும். அடுப்புல என்ன இருந்தாலும் அப்படியே அணைச்சிட்டு வரும். போன மாசம் மழையில குடை புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சே, காத்து வாங்கவா? நீங்க பாக்கத்தான்."

நிமிஷத்தை நிமிஷமாக எண்ணுகிற மனுஷன். எந்த நேரத்துக்கு வந்தாலும் குழந்தை வாசலில் இருக்கிறதே, அது எப்படி என்று மட்டும் ஒருநாளும் எண்ணிப் பார்க்கவில்லை. அம்மன் எதைப் பார்த்துச் சிரித்தாள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் கண்ணாடி வழியே எதிரே பார்த்தார். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். பெல்ட்டைக் கழற்ற மூன்று தடவை முயற்சி செய்தார், பிறகு நான்தான் அழுத்திவிட்டேன். வண்டியைப் பூட்டாமல், இரண்டு பக்கமும் பார்க்காமல் தெருவைக் கடந்தார். இருபத்திரண்டு வருஷ டிரைவர் அப்படித் தெரு கடந்து நான் பார்த்ததில்லை.

பெய்ஷுவன் எழுந்து நின்றாள். இவர் ஷட்டருக்கு ஒரு முழம் முன்னால் நின்றுவிட்டார். நான் பின்னாலேயே ஓடினேன், இந்தப் பேச்சில் ஒரு சொல்லையும் விடுவதாக இல்லை.

"இப்படி தெருவுலயே வச்சிருக்கியே, பையனுக்குச் சளி புடிக்காதா?" என்றார். மூன்று வருஷத்துக்குப் பிறகு மகளிடம் பேசின முதல் பேச்சு.

"நீங்க பத்து நிமிஷம்தானப்பா நிப்பீங்க. அதுக்குள்ள ஒண்ணும் ஆகாது."

"தெரிஞ்சிருந்தா... ஒரு குரல் குடுத்துக் கூப்பிட வேண்டியதுதான?"

அவள் குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள்.

"கூப்பிட்டிருந்தா, அடுத்த தடவ வந்திருப்பீங்களா?"

வந்திருக்க மாட்டார், அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். லேலே, தெருவுக்கு அந்தப் பக்கம் மட்டுமே பார்த்துப் பழகிய வண்டிக்காரர் இவ்வளவு கிட்டத்தில் வந்து நிற்கிறாரே என்று வாய் பிளந்து பார்த்துவிட்டு, அவர் மூக்கைப் பிடித்தான். பிடித்தவன் விடவில்லை. இவர் அப்படியே குனிந்து அவனை வாங்கிக்கொண்டார். "உள்ள சேமியா ஆறிட்டிருக்கு" என்று பெய்ஷுவன் ஷட்டரை மேலே தள்ளிப் பிடித்தாள். மூக்கு ஒரு பிடியில் இருக்க, தலையைத் தாழ்த்திக்கொண்டு, வாசலையும் பார்க்காமல் சபதத்தையும் நினைக்காமல் உள்ளே போனார்.

நான் வெளியே அந்த முக்காலியில் உட்கார்ந்து, வெட்கப்படாமல் ஒரு மூச்சு அழுதேன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று அப்பா, மகள் இரண்டு பேர் மேலும் கோபம் வந்தது. அதற்குள் உள்ளேயிருந்து அவர் குரல் கேட்டது, நாலாவது ஐந்தாவது வாக்கியமெல்லாம் தாண்டி, நிறுத்தமே இல்லாமல் குழந்தையிடம் பேசிக்கொண்டிருந்தது. கையில் போன் அடித்தது. யாரோ மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு விமான நிலையத்துக்கு வண்டி கேட்டார்கள்.

"நாளைக்கு வண்டி இல்லீங்க. டிரைவர் அவர் மக வீட்டுக்கு வந்திருக்காரு" என்றேன்.